காரைக்கால்: ஊரைக் கேட்காமல் போட்ட எல்லை

காவிரி கடலில் கலக்கும் இடம் பூம்புகார். அங்கிருந்து தெற்கே கடலோரமாகப் போனால், ஒரு பகல் பொழுதுக்குள் பல நாட்டு வரலாற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் பூம்புகார். சோழர்களின் துறைமுகம், கண்ணகியும் கோவலனும் வாழ்ந்த ஊர். அடுத்து தரங்கம்பாடி. 1620-ம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி, டென்மார்க் தேசத்தார் கோட்டை கட்டிய ஊர். அதற்கும் தெற்கே நாகப்பட்டினம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கிய ஊர்.

தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது காரைக்கால். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊராக இருந்தது.

தரங்கம்பாடியை 1845-ல் டென்மார்க் விற்றுவிட்டது. அந்த எல்லை அழிந்தது. நாகப்பட்டினத்தில் டச்சு எல்லையும் அழிந்தது. ஆனால் காரைக்கால் எல்லை மட்டும் அழியவில்லை. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர். இந்த இடங்களைத் தாண்டினால் இன்றும் அது வேறு ஆட்சி. போலீஸ்காரரின் தொப்பி மாறுகிறது. வண்டியின் எண் பலகை மாறுகிறது. புட்டியின் விலை மாறுகிறது.

மாறாதவை எவை? வயல் மாறவில்லை. வாய்க்கால் மாறவில்லை. பேச்சு மாறவில்லை. கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் மாறவில்லை.

அப்படியானால் இந்த எல்லையைப் போட்டது யார்? யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

உதவிக்கு விலை ஓர் ஊர்!

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வந்து உண்டாக்கிய ஊர் அல்ல. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது வணிகர் வாழ்ந்த கடற்கரைப் பட்டினம். காரைக்கால் அம்மையார் அங்கே வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் புனிதவதி. அவருடைய கணவர் பரமதத்தன் கப்பலேறிப் போய் வாணிபம் செய்தவர் என்று பெரிய புராணம் சொல்கிறது. அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர். அந்த மூவரில் ஒருவர் இந்த ஊர்ப் பெண்.

1738-ம் ஆண்டு. தஞ்சாவூரில் மராட்டிய அரச குடும்பத்தில் பதவிச் சண்டை. அரியணையை இழந்து தவித்தார் சாகுஜி. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்மாவிடம் அவர் உதவி கேட்டார். உதவிக்கு என்ன விலை? காரைக்கால்!

அரியணை திரும்பக் கிடைத்தது. உடனே மன்னரின் மனம் மாறியது. ஊரைக் கொடுக்கத் தயங்கினார். பிரெஞ்சுக்காரர் விடுவார்களா? அவர்களுடைய நண்பர் சந்தா சாகிபு படையோடு வந்தார். 1739-ம் ஆண்டு பிப்ரவரியில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. பின்னால் சுற்றுப்புற கிராமங்களும் சேர்ந்தன.

கொடுக்கச் சம்மதித்தவர் மன்னர். வாங்கியவர் கவர்னர். பிடித்துக் கொடுத்தவர் சந்தா சாகிபு. அரசலாற்றங்கரையில் ஏர் பூட்டிக்கொண்டிருந்த உழவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று முறை பறிபோனது

அதற்குப் பிறகு நடந்ததோ பந்தாட்டம்தான்.

ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சண்டை போடும். இங்கே காரைக்காலில் கொடி இறங்கும். அங்கே சமாதானம் ஆகும். இங்கே கொடி ஏறும்.

1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; 1765-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1778-ல் மீண்டும் பிடித்தார்கள், 1785-ல் கொடுத்தார்கள். 1793-ல் மூன்றாம் முறை பிடித்தார்கள். இந்தத் தடவை ஊர் திரும்ப 24 ஆண்டுகள் ஆயின. 1817-ல்தான் பிரெஞ்சுக் கொடி மறுபடியும் பறந்தது.

1793-ல் பிறந்த குழந்தை, ஊர் கைமாறி வருவதற்குள் திருமணமாகிப் பிள்ளை பெற்றிருக்கும்!

இது காரைக்காலுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. பிரான்சு நாட்டின் எல்லையிலேயே ஸ்ட்ராஸ்பூர்க் என்ற நகரம் இருக்கிறது. ரைன் நதிக்கரை ஊர். 1681-ல் பிரெஞ்சு மன்னர் அதைப் பிடித்தார். 1871-ல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்சிடம் வந்தது. 1940-ல் மறுபடியும் ஜெர்மனி. 1944-ல் மறுபடியும் பிரான்சு. அங்கே ஒரே ஆயுளில் நான்கு முறை நாடு மாறிய கிழவர்கள் இருந்தார்கள்; வீட்டை விட்டு நகராமலேயே!

எல்லையில் வாழ்பவனின் வேதனை பிரெஞ்சுக்காரருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தன் வீட்டில் தெரிந்த வேதனை, பிறர் வீட்டில் நினைவுக்கு வருவதில்லை.

கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள்

எல்லை சிலருக்கு நன்மை செய்தது. பலருக்குத் தீமை செய்தது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களைத் தேடி முகவர்கள் வந்தது காவிரிக் கரைக்கு. 1861-ல் பிரான்சும் இங்கிலாந்தும் இதற்காக ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டன. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று பெயர் கூடத் தெரியாத தீவுகளுக்கு ஏழை உழவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை.

இன்றும் அந்தத் தீவுகளில் ராமசாமி, வீரசாமி என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. மாரியம்மனுக்குப் பூசை உண்டு. தமிழ் பேசத்தான் மறந்துபோயிற்று. பஞ்சத்தில் வாடியவனுக்கு அந்தக் கப்பல் சோற்றைக் காட்டியது, ஊரை மறைத்தது.

கூலியாகப் போனவர் இருக்க, உத்தியோகத்துக்கும் வாணிபத்துக்கும் போனவர்களும் உண்டு. பிரெஞ்சு படித்தவர்கள் சைகோன் நகரத்துக்குப் போய் அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். முஸ்லிம் வணிகர்கள் கடல் கடந்து கடை வைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை ஊரார் ‘சொல்தா’ என்றார்கள். சிப்பாய் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அது. பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா குடும்பத்துக்குத் தெருவில் தனி மரியாதை.

பத்திரம் எழுதுபவர் ‘நொத்தேர்’. ஊர்த் தலைவர் ‘மேர்’. பல கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி ‘கொம்யூன்’. இந்தக் கடைசிச் சொல் இன்றும் காரைக்காலில் அரசாங்கச் சொல்லாகவே இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து என்றால் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். எல்லைக்கு அப்பால் உள்ளவருக்குத்தான் விளக்க வேண்டும்.

வீடு இங்கே, வயல் அங்கே

எல்லை ஊரின் குணம் என்ன? இரண்டு பக்கமும் காலூன்றி நிற்பதுதான்.

வீடு பிரெஞ்சுப் பகுதியில். வயல் ஆங்கிலேயர் பகுதியில். பெண் கொடுத்தது இந்தப் பக்கம். பெண் எடுத்தது அந்தப் பக்கம். இப்படி எத்தனையோ குடும்பங்கள்! வரைபடத்தில் கோடு போட்டவனுக்கு மாமன் மச்சான் உறவு தெரியுமா?

சமய வாழ்விலும் அப்படியே. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி உலா வரும்போது, மாடிகளில் நின்று மாங்கனிகளை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் போட்டி போட்டுப் பிடிப்பார்கள். மாங்கனி வாங்க வருகிற கூட்டத்தில் எந்தப் பக்கத்து ஆள் என்று யார் பார்த்தார்கள்? சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றில் கால் வைக்க இடம் இருக்காது. மஸ்தான் சாகிபு தர்காவில் கந்தூரி என்றால் நாகூரிலிருந்தும் வருவார்கள்; நாகூரில் கந்தூரி என்றால் காரைக்காலே அங்கே இருக்கும். நாகூர் வாஞ்சூரை அடுத்த ஊர்தான். ஆனால் நடுவில் எல்லைக் கோடு!

அரசியலில் ஒரு விசித்திரம். ஆங்கிலேயர் பகுதியில் வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும் மட்டுமே ஓட்டு இருந்த காலம் உண்டு. அப்போதே பிரெஞ்சுப் பகுதியின் ஆண்கள், பாரிஸில் கூடும் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே பிரதிநிதி அனுப்ப ஓட்டுப் போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டுப் பெட்டியை அடியாட்களும் பணக்காரர்களும் ஆட்டி வைத்தார்கள் என்பதும் அந்தக் காலத்து வரலாறுதான். ஓட்டு இருந்தது. ஊரை யார் ஆளுவது என்ற கேள்வி மட்டும் அந்த ஓட்டுச் சீட்டில் இல்லை!

எல்லையால் விளைந்த பெரிய நன்மை ஒன்று உண்டு. அது புகலிடம். ஆங்கிலேய அரசாங்கம் துரத்தியபோது பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்குப் போனார். அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910-ல் போனார்கள். அந்நியன் போட்ட கோடு, இன்னொரு அந்நியனிடமிருந்து நம் கவியைக் காப்பாற்றியது!

முதன்முதலாகக் கேட்டார்கள்

1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. காரைக்கால் பெறவில்லை. சுற்றிலும் சுதந்திர நாடு. நடுவில் பிரெஞ்சுக் கொடி. 1949-ல் இந்திய சர்க்கார் சுங்க எல்லை போட்டது. அரிசிக்குச் சோதனை, துணிக்குச் சோதனை. வீட்டிலிருந்து வயலுக்குப் போகிறவன் மடியையும் அவிழ்த்துக் காட்டினான். கடத்தல்காரன் மட்டும் செழித்தான். எல்லை கடுமையானால் நல்லவனுக்குத்தான் தொல்லை. கள்ளனுக்கு அது கடை.

விடுதலைக் கிளர்ச்சி வலுத்தது. 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, புதுச்சேரிக்கு அருகே கீழூரில் ஒரு கூட்டம் நடந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மூவர்ணக் கொடி ஏறியது.

எத்தனையோ முறை கொடி மாறிய ஊர் அது. ஆனால் கேட்டு மாற்றியது அதுதான் முதல் தடவை!

1956-ம் ஆண்டு மே 28-ந் தேதி இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். சில ஆயிரம் பேர் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்று பிரான்சில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 14-ல் காரைக்காலில் பிரெஞ்சு தேசிய தினம் கொண்டாடுவது அந்தத் தொடர்பின் அடையாளம்.

அந்த உடன்படிக்கையில் முக்கியமான வாக்குறுதி ஒன்று உண்டு. இந்தப் பகுதிகளின் ஆட்சி அமைப்பை மாற்றுவதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்பதே அது. இன்றைய காரைக்காலுக்கு உயிரான வாக்கியம் இதுதான்.

மறந்தால் என்ன ஆகும்?

1979-ல் அதை மறந்தார்கள். பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்தப் பகுதிகளைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்ற கருத்தை வெளியிட்டார். உடனே புதுச்சேரி பொங்கி எழுந்தது. கடையடைப்பு, ஊர்வலம், கலவரம். கடைசியில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

சேர்க்கலாம் என்பவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேசுவது ஒரே தமிழ். குடிப்பது ஒரே காவிரி நீர். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு. ஒரு பக்கம் கடல். தலைநகரான புதுச்சேரியோ சுமார் 130 கிலோ மீட்டர் தூரத்தில். அந்நியன் போட்ட கோட்டை ஏன் கட்டிக் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பவரிடமும் நியாயம் இருக்கிறது. பெரிய மாநிலத்தில் கரைந்துவிட்டால் சிறிய ஊரின் குரல் கேட்குமா? இன்று புதுச்சேரி சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் 30 இடங்களில் 5 இடம் காரைக்காலுக்கு உண்டு. 2005 முதல் அது தனி மாவட்டம். தமிழ்நாட்டோடு சேர்ந்தால் 234 இடங்களில் எத்தனை கிடைக்கும்? கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கலாமா?

புதுச்சேரி தங்களை மாற்றாந்தாய் பிள்ளையாக நடத்துகிறது என்று குறைபடும் காரைக்கால்காரர்களும் உண்டு. தனியாகவே இருந்துவிடலாம் என்பது அவர்களில் சிலருடைய பேச்சு.

மூன்று கட்சிக்கும் ஒரே பதில்தான். இதைத் தீர்மானிக்க வேண்டியது டில்லி அல்ல. சென்னை அல்ல. புதுச்சேரியும் அல்ல. அந்தச் சுமார் 160 சதுர கிலோ மீட்டரில் வாழும் இரண்டு லட்சம் மக்கள்தான்! 1954-ல் கேட்டதும் பிரதிநிதிகளைத்தான். வீடு வீடாகக் கேட்கவில்லை. இனிமேல் எந்த மாற்றம் வந்தாலும் வயது வந்த ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். பெண்களையும், கூலிக்காரரையும், மீனவரையும் கேட்க வேண்டும். மறுபடியும் ஒரு முறை ஊரைத் தூக்கி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு செய்தி சொல்லக் கூடாது.

புட்டியா ஊரின் பெருமை?

எல்லை இருக்கும் வரை ஒரு கெட்ட பெயரும் இருக்கிறது. காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரன் கண்ணைச் சிமிட்டுகிறான். மலிவு மது!

அந்நாள் சென்னை ராஜ்யம் முழுவதிலும் 1948-ல் மதுவிலக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை மூடியிருந்தது. அந்தப் பக்கம் சாராயக் கடை திறந்திருந்தது. அன்று தொடங்கிய பழக்கம் இது. இன்று இரு பக்கமும் கடை உண்டு. ஆனாலும் விலை வித்தியாசம் இருப்பதால் வாஞ்சூரிலும் பூவத்திலும் கூட்டம் குறையவில்லை. கடத்தல் வழக்கும் குறையவில்லை.

இதில் லாபம் யாருக்கு? கடைக்காரருக்கும் வரி வாங்கும் அரசாங்கத்துக்கும். நஷ்டம் யாருக்கு? நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு. நாள் கூலி எல்லையைத் தாண்டிப் போகிறது. வெறுங்கை திரும்பி வருகிறது. அடுப்பு அணைந்து கிடக்கிறது. காரைக்காலின் பெண்களும் இதனால் நிம்மதியாக இல்லை.

அம்மையார் பிறந்த ஊரை மதுக்கடை ஊராக்கியது அந்த ஊர் மக்கள் அல்ல, எல்லையைக் காசாக்கியவர்கள். இரு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, எல்லையோரக் கடைகளைக் குறைக்க வேண்டும். விலை வித்தியாசத்தை ஒழிக்க வேண்டும். மனம் இருந்தால் இதற்கு எந்த உடன்படிக்கையும் குறுக்கே நிற்காது.

கடைமடையின் கண்ணீர்

எல்லை ஊரின் இன்னொரு துன்பம் தண்ணீர். காவிரி பல கிளைகளாகப் பிரிந்து ஓடி, களைத்துப் போய்க் கடைசியில் சேரும் இடம் காரைக்கால். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்று ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

2007-ல் காவிரி நடுவர் மன்றம், காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி. எம். சி. என்று தீர்ப்பளித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. ஏட்டில் எழுதியது 7. வயலில் வந்து சேருவது மழையையும், மேலே உள்ள மதகுகளையும், இரண்டு அரசாங்கங்களின் பேச்சுவார்த்தையையும் பொறுத்தது. வாய்க்காலில் நன்னீர் வராத ஆண்டில் கடல் உப்பு உள்ளே வருகிறது. நெல் கருகுகிறது. உழவன் யாரிடம் முறையிடுவான்? தமிழ்நாட்டு அதிகாரியிடம் போனால், நீ புதுச்சேரி ஆள் என்பார். புதுச்சேரி அதிகாரியிடம் போனால், மதகு தமிழ்நாட்டில் என்பார்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அந்த அலை பூவத்தில் நின்று அனுமதி கேட்கவில்லை. காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று இரு பக்கத்து மக்களும் எல்லையை நினைக்கவில்லை. துன்பத்தில் மறந்த கோட்டைத் தண்ணீர்ப் பங்கீட்டிலும் மறந்தால் என்ன?

எழுதி வைக்க வேண்டாமா?

கொடி மாறிய நாளைக் கண்ணால் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சுங்கச் சாவடியில் மடியை அவிழ்த்தவர்கள், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், சைகோனிலிருந்து திரும்பிய குடும்பத்தார் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் முடிந்தவற்றைக் காக்க வேண்டும்.

பூம்புகாருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற பள்ளிகள், ஒரு நாள் கூடுதலாகத் தங்கித் தரங்கம்பாடியையும் காரைக்காலையும் காட்டலாம். பூம்புகாரின் பழம்பெருமையில் பாதியைக் கடல் கொண்டது. காரைக்காலின் கதையை மறதி கொள்ளாமல் இருக்கட்டும்.

அந்தக் கதை சொல்லும் பாடம் எளியது. ஊர் என்பது நிலம் மட்டும் அல்ல. அதில் வாழும் மக்கள். 1739-ல் ஊரைக் கைமாற்றியவர்கள் மக்களைக் கேட்கவில்லை. இனிமேல் கோட்டை வைப்பதானாலும், அழிப்பதானாலும், அவர்களைக் கேட்டே செய்ய வேண்டும்.